நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

கம்பைநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வீரமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கறவை மாடும் சுகம். ஜெர்மனிக் குளிரில் நீ சுகமா என்பதுதான் ஒன்பது நாளாகத் தெரியவில்லை. புத்தகம் படிக்கிற மெஷினாக அனுப்பிக்கொண்டே இருக்கிறாயே, ஒரு தடவை ஆள் வந்து போகக் கூடாதா என்று போனில் நான் கத்தியது தப்புதான், அதற்காக இத்தனை நாளா போனை எடுக்காமல் இருப்பது? எனக்கும் ரோஷம் உண்டு, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், அப்பா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

மெஷின் எப்படி இருக்கிறது என்று அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். முதலில் வந்த சின்னதில் விளக்கு இல்லை, ஆனால் வெயிலில் எழுத்து பளிச்சென்று தெரியும், மாடியில் புளி காயப்போட்டுக் காவல் இருக்கும்போது அதுதான் துணை. புளிக்கு வரும் ஈ அதன்மேல் உட்கார்ந்தாலே பக்கம் திரும்பிவிடும், ஒரு கல்யாணத்தையே ஈ தாண்டிவிட்டது, பெண்ணுக்கு மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் விழித்தேன். இரண்டாவது முறம் அளவு. படுத்துக்கொண்டு படித்தால் கண் சொருகும்போது மூக்கில் விழுகிறது. பக்கம் மாறும்போதெல்லாம் கறுத்து வெளுப்பதால் கரண்ட் போய் வருகிறது என்று அப்பா அதை ஸ்டெபிலைசரில் மாட்டப் பார்த்தார். மூன்றாவதுதான் எனக்கென்றே செய்தது மாதிரி. விளக்கு இருக்கிறது, ஓரத்தில் பட்டன் இருக்கிறது, கையில் புளி ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. டிவி ரிமோட்டுக்குப் போடுகிற மாதிரி பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டும் மாட்டிவிட்டேன்.

ஆனால் அதில் இப்போது படிக்கிற கொலைக் கதையில் நான் அறுபதாம் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் வந்து பார்க்கும்போது எண்பதில் நிற்கும். அப்பாதான் திருட்டுத்தனமாகப் படிக்கிறார் என்று மூன்று நாள் அவருக்கு ரசத்தைத் தவிர வேறெதுவும் வைக்கவில்லை. தொடவே இல்லை என்று பாவம் அவர் மாட்டின்மேல் சத்தியம் செய்தார். அப்புறம் பக்கத்து வீட்டு தேவிப்பிரியா பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆன்ட்டி, நீங்களும் அண்ணனும் ஒரே அக்கவுண்ட்டுல ஒரே புத்தகத்தப் படிக்கிறீங்க, அவர் படிச்ச எடத்துக்குப் போகட்டுமான்னு அது கேக்குது, நீங்க எஸ் எஸ்னு அமுக்கிட்டே இருக்கீங்க என்றாள். இங்கிலீஷில் எது கேட்டாலும் எஸ் அமுக்குவதுதானே என் பழக்கம். அப்பாவுக்கு அன்று கோழிக்குழம்பு வைத்தேன்.

அதிலிருந்து தினமும் காலையில் மெஷினைத் திறந்தால் நீ எதுவரை வந்திருக்கிறாய் என்று முதலில் பார்ப்பேன். இருபது பக்கம் நகர்ந்திருந்தால் பிள்ளைக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, இரண்டு பக்கம் என்றால் ஆபீசில் வேலை அதிகம் என்று அப்பாவிடம் சொல்வேன். சண்டை போட்ட அன்று நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது. உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது சாமி. கொன்றது டிரைவர்தான் என்று என் மனசு சொல்கிறது, தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை, இருந்தாலும் உன்னை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் நானும் அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே, எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. கோபம் தீரவில்லையென்றால் போன்கூட வேண்டாம். ஒரே ஒரு பக்கம் திருப்பு, காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா பானுமதி