பேட்டி தமிழில் வந்தபோது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். போனைப் போலீஸ்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டதால் இந்தக் கடிதம். உங்கள் பத்திரிகையில் என்னைப் பற்றி வந்ததைப் பார்த்திருப்பாய். துருப்பிடித்த குடிநீர்க் குழாய்க்கு ஒட்டுப்போட்டது போதும், மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், இந்த விஷயத்தில் நான் ‘ரேடிக்கல்’தான் என்று ஆங்கில நிருபரிடம் சொன்னேன். அதை உங்கள் பத்திரிகை தமிழில் போட்டபோது தலைப்பு, “நான் தீவிரவாதிதான்: குடிநீர்ப் பொறியாளர் பேட்டி”! தண்ணீர்த் தொட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எந்தப் புண்ணியவான் மொழிபெயர்த்தான் என்று விசாரித்து எழுது.

உன் அன்புத் தம்பி

மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டேன். “அகராதியில இருக்கிற அர்த்தம்தானே, இதுல என்ன தப்பு?” என்கிறார். யார் மொழிபெயர்த்தது என்று இப்போது தோண்டி என்ன ஆகப்போகிறது? நீயும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்கா,

நான் வாயை அடக்கினால் அந்தத் துருப்பிடித்த குழாய்த் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிடுமா? அந்த வார்த்தைக்கு, வேர் வரைக்கும் போவது என்றுதான் பொருள். குண்டு வைப்பது இல்லை. நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளை என் மகளிடம், “உங்கப்பா தண்ணியில விஷம் கலப்பாராமே?” என்று கேட்டிருக்கிறது. அதிலிருந்து அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். பதினெட்டாம் தேதி அலுவலகத்தில் விசாரணை. இருபது வருஷமாக மொழிபெயர்க்கிறவள் நீ. வந்து அர்த்தத்தை எடுத்துச் சொல். உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் தம்பி

மார்ச் 13

என் தம்பிக்கு,

நீ தேடுகிற புண்ணியவான் நான்தான்.

பக்கம் முடிக்கிற அவசரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ‘அடியோடு மாற்றச் சொல்பவன்’ என்று முதலில் போட்டேன், பிறகு அடித்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் நீ சண்டைக்கு நிற்பது எனக்கு எரிச்சல். உள்ளுக்குள் உன்னை அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. பதினெட்டாம் தேதி வந்து எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறேன். வேலை போனால் போகட்டும்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

வராதே. ‘கூடப் பிறந்தவளே அப்படி எழுதியிருக்கா, அவளுக்குத் தெரியாததா?’ என்று கேட்பார்கள். அர்த்தத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மா காதில் இது விழ வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் நேரில் வந்து கத்தியிருப்பேன்.

தம்பி