மூன்றாவது பின்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
17-8-1997

அன்புள்ள தம்பி சித்தார்த்துக்கு,

அக்கா தமயந்தி எழுதுவது. உன் கடிதமும் போட்டோவும் போன வாரம் கிடைத்தன. மஸ்கட்டில் ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிவிட்டு நீ மட்டும் வெயிலில் நிற்கிறாய் போலிருக்கிறது, கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கோலார் தங்கவயலிலேயே இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்றால் மைன்ஸ் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறாள்.

இப்போது எழுதப் போவதை உட்கார்ந்து படி. நம் பட்டறையில் செய்த ஹீட்டர் ராடால் ஒரு பெண் செத்துப்போய்விட்டாள்.

ஸ்ரீராம்புரத்தில் முனியப்பன் என்று ஒருவர், யஷ்வந்த்பூர் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அவர் மனைவி தனலக்ஷ்மி. ஜனவரிக் குளிரில் குழந்தையைக் குளிப்பாட்டத் தகர வாளியில் ராடைப் போட்டுத் தண்ணீர் காய வைத்திருக்கிறாள். சூடாகிவிட்டதா என்று ஸ்விட்சை அணைக்காமலே கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். வாளியோடு விழுந்துவிட்டாள். இருபத்தாறு வயதாம். போலீஸில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் யாரோ எடுத்துச் சொல்லி, முனியப்பன் கன்ஸ்யூமர் கோர்ட்டில் உன் மாமா மேல் கேஸ் போட்டிருக்கிறார்.

உனக்குத் தெரியாததா? முதலில் நாம் மூன்று பின் பிளக்தான் மாட்டிக்கொண்டிருந்தோம். ஸ்ரீராம்புரம் கடைக்காரர் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார். அந்தச் சந்து வீடுகளில் சுவரில் இரண்டே ஓட்டை, எர்த் என்பதே கிடையாது. ஜனங்கள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வெறும் ஒயரை ஓட்டையில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மாமா அதை நேரில் பார்த்துவிட்டு வந்து அன்று சோறே சாப்பிடவில்லை. இப்படிக் குச்சி செருகிச் சாவதற்கு நாமே இரண்டு பின் மாட்டிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னது அவர். எர்த் ஒயரை வெட்டிக் கைப்பிடிக்குள் மடித்து வைத்தது நீ. டீ கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது நான். நல்லது செய்கிறோம் என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். ராடு உள்ளே பழுதானால் கரண்டு பூமிக்குப் போக அந்த மூன்றாவது பின்தான் வழி என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. அத்தனை தூரம் போகாது என்று நினைத்தோம்.

வெங்கடகிருஷ்ணன் என்று ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறோம். அவர் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எர்த் இல்லாமல் ஒரு பீஸ்கூட வெளியே போயிருக்கக் கூடாதாம். அணைத்துவிட்டுத் தொடவும் என்று தமிழிலும் கன்னடத்திலும் படம் போட்டுப் பெட்டிக்குள் சீட்டு வைத்திருக்க வேண்டுமாம். ஒவ்வொரு ராடையும் டெஸ்ட் செய்து நம்பர் அடித்திருக்க வேண்டுமாம். கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அந்தத் தெருவுக்கு விற்பதையே நிறுத்தியிருக்க வேண்டுமே தவிர, பொருளில் கை வைத்திருக்கக் கூடாதாம். இதற்கென்றே இன்ஷூரன்ஸ்கூட இருக்கிறதாம். இத்தனையும் தெரிந்த மகராசன் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். இனிமேல் இதெல்லாம் செய்யுங்கள் அம்மா என்று சிரித்தார். இனிமேல் என்று ஒன்று இருந்தால்தானே.

தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது என்கிறார். நம்மிடமிருந்து போகும்போது மூன்று பின்தான் இருந்தது, வாங்கியவர் வீட்டில் மாற்றிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். பிளக் மாட்டியவன் என்ற முறையில் நீ அப்படி அஃபிடவிட் எழுதி, எம்பஸியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தோற்றுப்போனால் போலீஸ் கேஸைத் திரும்பத் தோண்டுவார்கள், மாமாவை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிறார். அவருக்குச் சர்க்கரை உடம்பு, ஜெயிலில் ஒரு வாரம் தாங்க மாட்டார். பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். யோசிக்காமல் போட்டு அனுப்பிவிடு தம்பி. அக்கா கேட்கிறேன்.

உன் அக்கா,
தமயந்தி


ஜீவனஹள்ளி
22-2-1998

அன்புள்ள சித்தார்த்துக்கு,

உன் கையெழுத்துப் போட்ட பேப்பர் வந்து சேர்ந்தது. கூட ஒரு வரிகூட எழுதவில்லை நீ. கோபமென்று தெரிகிறது. நானும் திரும்ப எழுதாமல் வீம்பாகத்தான் இருந்தேன்.

பட்டறை பாதி நாள் மூடிக் கிடக்கிறது. தங்கவயலிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் வேலைக்கு வந்துகொண்டிருந்த நம் ஆட்களில் தியோடர் ஒருவர்தான் இன்னும் வருகிறார், அதுவும் பழக்க தோஷத்தில். விஷயம் கடைத்தெருவில் பரவிவிட்டது. நம் ராடை யாரும் எடுப்பதில்லை. மாமா காலையில் ஷட்டரைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சாயங்காலம் மூடிவிட்டு வருகிறார்.

போன வாரம் கோர்ட்டில் முனியப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன் வயதுதான் இருக்கும். நாலு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். குழந்தைக்குத் தலையை ஆம்பளை வாரிவிட்டிருப்பது பார்த்தாலே தெரிந்தது, வகிடு எங்கேயோ போயிருந்தது. எடுத்து மடியில் வைத்து வாரிவிடலாமா என்று கை துடித்தது. எந்த முகத்தோடு கேட்பது?

அந்த பிளக்கில் நீங்கள் எப்போதாவது கை வைத்தீர்களா என்று நம் வக்கீல் கேட்டார். கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். இவர், ஆமா சார், ஒரு தடவை ஆடிக்கிட்டிருந்துச்சு, தொறந்து ஸ்க்ரூவை முறுக்கினேன் என்றார். லாட்டரி விழுந்ததுபோல வக்கீல் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். வாங்கும்போதே ரெண்டு பின்தான் இருந்துச்சு என்று முனியப்பன் சொல்லிப் பார்த்தார். உடனே உன் பேப்பரை எடுத்துக் காட்டினார்கள். இது யாருங்க என்று கேட்டார். அதைச் செய்தவரே எழுதிக் கொடுத்தது என்றார்கள். பேப்பரில் இருந்த உன் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, செஞ்சவரே சொன்னா அப்ப சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

நாம் ஜெயித்துவிடுவோம் என்கிறார்கள். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அக்கா


ஜீவனஹள்ளி
30-4-1998

அன்புள்ள சித்தார்த்துக்கு,

கேஸ் ஜெயித்துவிட்டது. வாங்கியவர் பொருளை மாற்றியதற்குச் செய்தவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. வக்கீல் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். மேலே அப்பீல் போக முனியப்பனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பாக்ஸை இன்னும் பிரிக்கவில்லை.

நேற்று மத்தியானம் முனியப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து மாமா உள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சண்டையாக இருந்திருந்தால் தேவலை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

கேஸ் போனா போகுதுக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும், வக்கீலுங்க பேசறது எனக்குப் புரியல, நீங்க அதைச் செய்யறவங்க, நான் அந்த ஸ்க்ரூவை முறுக்கினதாலதான் அவ போனாளா, என்று கேட்டார்.

தம்பி, அந்த ஸ்க்ரூவுக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நின்றவருக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால், அப்புறம் எதனால் என்று கேட்பார். அதைச் சொன்னால் மாமா ஜெயிலுக்குப் போவார். பொய்ச் சத்தியம் செய்ததற்கு நீயும் வந்து நிற்க வேண்டியிருக்கும். எதுவும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாப்பா, அதனாலதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. தலையை ஆட்டினார். பாப்பா பெரியவளானா அம்மா எப்படிப் போனான்னு கேப்பா, என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்துச்சு, இப்ப சொல்லிடுவேன்கா, நான்தான்னு சொல்லிடுவேன், என்றார். எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். உண்மையைச் சொன்னதற்காம். வாசல்வரை போய்த் திரும்பி, வரேன்கா என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்க் கூப்பிட நினைத்தேன். தெருமுனை திரும்பும்வரை முதுகு தெரிந்துகொண்டுதான் இருந்தது. கூப்பிடவில்லை.

மாமா வெளியே வந்தார். முனியப்பன் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, சித்தார்த். பசித்தது, சாப்பிட்டோம்.

உன்னை இதில் இழுத்தது நான். உன் பேரில் இருக்கிற பாவம் எதுவானாலும் என் கணக்கில் சேரட்டும். நீ கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை குட்டியோடு, மனசு கெடாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். எனக்காக நீ ஒன்று மட்டும் செய். கோபம் தீரும்வரை பேசாமல் இருக்காதே. உட்கார்ந்து, நாலு பக்கம், வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. இங்கே என்னைத் திட்ட யாருமே இல்லை.

உன் அக்கா,
தமயந்தி