பிரித்துத் தரக் கேட்ட வேந்தர்க்கு ஏழ்குன்றத் தீவின் மறுமொழி

மழை பருவம் தவறாது பெய்க. கடல் தன் கரைக்குள் நிற்க.

அலைசூழ் ஏழ்குன்றத் தீவின் காவலும் செங்கோலும் தாங்கிய அரசி ஆழிநங்கை, அக்கரை வேங்கை நாட்டு மாமன்னர் பரிதிக்கோ பெருமகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் கொடியும் நலமே விளங்குக. உம் குடிகள் வயிறார உண்டு உறங்குக. அவர்கள்மேல் எமக்குப் பகையில்லை.

உம் தூதர் கீரங்கண்ணனார் கொணர்ந்த ஓலையைக் கண்டோம். கரும்பு வெட்ட விலைக்கு வாங்கிக் கப்பலில் கொணர்ந்த அடிமைகள் அனைவரையும், தீவில் பிறந்தோரிடமிருந்து பிரித்து உம்மிடம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் அரிசிக் கப்பல் இனி வாராது என்றும் எழுதியிருந்தீர். எம் பசியை நன்கு அறிந்தே எழுதினீர். நெல் விளைந்த தாழ்நிலம் முழுவதையும் உம் நாட்டுக் கரும்பாலைக்காரர்க்குத் தந்தவர் எம் பாட்டனார். பட்டும் பல்லக்கும் பெற்றுக்கொண்டு தந்தார். அன்றுமுதல் இத்தீவு இனிப்பை விளைத்துப் பட்டினி கிடக்கிறது. எம் குடிகள் சவுக்கேந்திய கங்காணிகள் ஆயினர். கொணரப்பட்டோர் கையால் தண்ணீரும் வாங்கிப் பருகாதவர் ஆயினர். இதை எழுத எமக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆயினும் உம் ஆலைக்காரர் ஒரு பிழை செய்தனர். ஒரே மொழி பேசுவோர் கூடினால் கலகம் மூளும் என்றஞ்சி, கொணரப்பட்டோருள் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதவராகப் பார்த்து ஒரு வரிசையில் நிறுத்தினர். விறகை மிச்சம்பிடிக்க வரிசைக்கு ஒரு கஞ்சிப்பானை வைத்தனர். அந்தப் பானையைச் சுற்றியே அவர்கள் உறவானார்கள். ஒரு பானையில் உண்டவர் உடன்பிறந்தவர். தமக்குள் மணம் கொள்ளார். இறந்தவர்க்கு அதே பானையில் உண்ட பானைக்காரரே பாடை சுமப்பர். சென்ற ஆண்டு அவர்கள் கரும்பைக் கொளுத்தி ஆலையை மூடியபோது, அடுத்த அரிசிக் கப்பல் வரும்வரை, வரப்போரம் அவர்கள் ஒளித்து நட்டிருந்த கிழங்கே தீவில் எஞ்சிய உணவு. எம் குடிகளும் ஒவ்வொருவராய்ச் சென்று, அந்தப் பானைகளைச் சுற்றிக் கஞ்சி கேட்டு அமர்ந்தனர்.

உம் தூதர் மக்களைத் துறைமுக மணலில் கூட்டி, தீவில் பிறந்தோர் வலப்புறமும் கொணரப்பட்டோர் இடப்புறமும் நிற்கப் பணித்தார். முதலில் நடந்தவன் கொற்றங்கன் என்னும் பழைய கங்காணி. இருபது ஆண்டு சவுக்குப் பிடித்தவன். தன் முதுகில் ஒரு தழும்பும் இல்லாதவன். அவன் இடப்புறம் போய் நின்றான். இடம் தவறி நிற்கிறாய் என்று தூதர் எடுத்துரைத்தார். தன் பானைக்காரர் நிற்பது இங்கேதான் என்றும், அவர்கள் தன்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, ஆயினும் கஞ்சி ஊற்றினார்கள் என்றும் அவன் மறுமொழி கூறினான். பிறகு ஊரே நடந்தது. யாமும் பல்லக்கை விட்டிறங்கி நடந்தோம்.

பிரித்து அனுப்புக என்பது உம் கட்டளை. பிரிந்து நின்றவர் உம் தூதர் ஒருவரே ஆதலால், அவரையே மரியாதையுடன் கப்பலேற்றி, மக்களுக்கு விலையாய் அவர் கொணர்ந்த அரிசி மூட்டைகளையும் அவிழ்க்காமல் உடன் அனுப்பினோம். மூட்டைகள் போவதைக் கண்டு எம் பிள்ளைகள் அழுதனர். அதற்காக உம்மை மன்னிக்கமாட்டோம்.

ஏழ்குன்றத் துறையிலிருந்து, கொணரப்பட்டோரும் பிறந்தோரும் சூழ நிற்க, அரக்கில் எம் சங்கு முத்திரை பதித்து விடுக்கும் ஆணை இது: சங்கிலியோடு வரும் கப்பல் எதுவும் இத்தீவின் எத்துறையிலும் நங்கூரம் இறக்கலாகாது. மீறி வருவதானால், எம் அனைவரையும் ஏற்றும் அளவு பெரிய கப்பலாகக் கொண்டு வருக.