அம்மா இருக்கும் ஃபோல்டர்

செவ்வாய், இரவு.

படூரில் அம்மா வேலை செய்யும் அபார்ட்மெண்ட் வீட்டில், எங்கள் தெரு டியூஷன் சென்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். பழசைத் தள்ளிவிடுவதற்குத் தானம் என்று பெயர். ஃபைல்களை எல்லாம் பென்டிரைவில் பேக்கப் எடுத்துத் தந்துவிட்டு, பிறகு அழித்துக்கொள்ளச் சொன்னார்கள். சாயங்காலம் அதை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கல்யாணம், ஊட்டி, குழந்தையின் பிறந்தநாள். அடுத்து, 'வேலைக்காரி' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டர். திறந்தால் திரை முழுக்க அம்மா. ஹாலில் மேலேயிருந்து கேமரா எடுத்த வீடியோக்கள். ஒன்றை ஓட்டினேன். வீட்டில் வேறு யாருமில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா சோபா ஓரத்தில் மெல்ல உட்காருகிறாள். உடனே, வெளியே எங்கிருந்தோ போனில் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மாவின் குரல் கேமராவிலிருந்து.

"என்ன லட்சுமி, முடிஞ்சிடுச்சா?"

அம்மா திடுக்கிடவே இல்லை. எழுந்து, கேமரா இருக்கும் மூலையை அண்ணாந்து பார்த்து, "தோ ஆச்சும்மா" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்த மட்டும் அழிச்சிட்றேம்மா."

"வேணாம் நைனா. அப்டியே குட்த்துடு. ஒண்ணு கொறஞ்சாலும் என்னத்தான் கேப்பாங்க."

எல்லாவற்றையும் காப்பி செய்தேன். பிறகு கம்ப்யூட்டரை ரீசெட் போட்டு எல்லாம் அழித்தேன். யாருமே தொடாதது மாதிரி இருக்கிறது இப்போது. பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மா தூங்குகிறாள். காலையில் அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.