வெள்ளவத்தையில் வீடு எடுத்துவிட்டோம், மாமா

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு,

வீடு எடுத்துவிட்டோம். வெள்ளவத்தையில்தான், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில். மேல்மாடி அனெக்ஸ். இரண்டு அறை, ஒரு குசினி, ரயில் போனால் கொஞ்சம் அதிர்கிற ஒரு ஜன்னல். ரயில் சத்தம் கேட்டால் போதும், உங்கள் பேத்தி மதுரா வாயில் இருக்கிற சோற்றோடு ஜன்னலுக்கு ஓடுகிறாள். ஓடுகிறாள் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? நீங்கள் போகும்போது அவள் தர்ஷினியின் வயிற்றில் நாலு மாதம்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வீட்டைப் பற்றி முதலில் எழுதினேன். உங்கள் மகள் தர்ஷினி படையில் சேர்ந்துவிட்டாள், மாமா. தாதியாக. எந்தப் படை என்று எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். முழுவதையும் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் நீங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஓய்வு பெறும்வரை வெள்ளவத்தை வாடகை வீடுகளில் இருந்தவர். நான் கொட்டாஞ்சேனைக்காரன். அப்பா ஹற்றன் தேயிலைத் தோட்டத்திலிருந்து துறைமுக வேலைக்கு இறங்கி வந்தவர். ஏசி திருத்துவது என் தொழில். தர்ஷினி வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ஏசி திருத்தப் போய்த்தான் அவளைக் கண்டேன்.

முதல்முறை உங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, “வீடு?” என்றீர்கள். கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை என்றேன். தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. நான் புறப்பட்டபோது கேட் வரைக்கும் கூட வந்தீர்கள்.

“தர்ஷினி வேலைக்குப் போற பிள்ளை,” என்றீர்கள். “அவள் போய் வாற வழியைப் பாத்து ஒரு வீட்டை எடுங்கோ, தம்பி.”

அதுதான் சம்மதம் என்று பஸ்ஸில் ஏறி மருதானை தாண்டிய பிறகுதான் எனக்கு விளங்கியது. சீட்டில் இருந்து தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

ஆனால் கல்யாணம் முடிந்து மூன்று வருசமாகியும் என்னால் வீடு எடுக்க முடியவில்லை. நீங்கள் ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

மதுரா பிறந்து எட்டு மாதம் இருக்கும்போது தர்ஷினி ஃபோனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். படித்து அனுபவமுள்ள தாதிகளை நேரடியாக எடுக்கிறார்கள், கல்யாணமானவர்களும் விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியம் உண்டு. குடும்பத்துக்கு வீட்டு வாடகைக் கொடுப்பனவும் உண்டு. அந்தக் கடைசி வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

நாட்டுக்காக என்று பெரிய கதை எல்லாம் நாங்கள் கதைக்கவில்லை, மாமா. எங்களுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. “காயத்துக்கு மருந்து கட்டுற வேலைதானே. இங்க கட்டுறதை அங்க கட்டப்போறன்,” என்றாள். மாமா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் மதுராவின் உடுப்புகளை மடித்தாள். பிறகு, “அப்பா இருந்தா முதல் அவரிட்டத்தான் கேட்டிருப்பன்,” என்றாள்.

உங்களிடம் கேட்க முடியாததால் மாமியிடம் கேட்டாள். மாமி இப்போது கனடாவில் மச்சானோடு இருக்கிறார். அவர் கோபிக்கவில்லை. ஆனால் இரண்டு கிழமை ஃபோன் எடுக்கவில்லை. யுத்தம் நடந்த நாட்களில் சோதனைச் சாவடிகளில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அடையாள அட்டையை நீட்டியபடி அவர் நின்ற வெயிலை நான் பார்த்தவன் இல்லை. அந்த மௌனத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

பயிற்சி நாலு மாதம், மலைநாட்டுப் பக்கம். தர்ஷினியை வழியனுப்பிவிட்டு நானும் மதுராவும் தனியானோம். பகலில் அண்ணி பார்த்துக்கொண்டார், பின்னேரம் முழுக்க என் பாடு. கஞ்சி காய்ச்சப் பழகினேன். மதுராவுக்குத் தாலாட்டு சரிவரவில்லை. ஏசி ஓடுகிற சத்தத்தை ஃபோனில் பதிந்து போட்டால்தான் தூங்கினாள். தொழில்காரன் பிள்ளை!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தர்ஷினிக்குப் பத்து நிமிசம் ஃபோன் கொடுப்பார்கள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். முதல் ஞாயிறே அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சப்பாத்து ஒரு சைஸ் பெரிது, இடம் வலம் என்று சிங்களத்தில் கத்தும்போது தனக்கு மட்டும் கால் மாறிப்போகிறது, பக்கத்தில் நிற்கிற குருநாகல் சிங்களப் பிள்ளை மெதுவாக விரலைக் காட்டி உதவுகிறாள் என்றாள். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்குத் தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாளாம். முதல் பாடம், “பசிக்குது.”

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாங்கள் இருந்த அறைகள் அவனுக்குத் தேவைப்பட்டன. அண்ணனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அண்ணிதான் மதுராவைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாத முடிவுக்குள் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவர்கள்மேல் பிழை இல்லை. எத்தனை வருசம் வைத்திருந்தார்கள்!

தேடி அலைந்ததில் இந்த அனெக்ஸ் கிடைத்தது. வீட்டுக்காரர் சரோ அன்ரி, ஓய்வு பெற்ற ரீச்சர். மதுராவைக் கண்டதும் பிடித்துவிட்டது, என்னைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. வாடகை ஒழுங்காக வரும் என்பதற்கு ஒரு கடிதம் கேட்டார். பயிற்சிக் காலத்தில் தர்ஷினிக்கு முழுச் சம்பளம் இல்லை. வாடகைக் கொடுப்பனவு கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். மாதம் முடியுமட்டும் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று அன்ரி சொன்னார். எங்களுக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

அடுத்த நாளே மதுராவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படையின் சம்பளப் பிரிவுக்குப் போனேன். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு சார்ஜன்ட். எல்லாம் சிங்களத்தில்தான் கதைத்தோம். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, எந்த முகாமில் பயிற்சி எடுக்கிறாய், உன்னை எப்படி வெளியே விட்டார்கள் என்று என்னைக் கேட்டார்.

“நான் இல்ல, சேர். என்ட வைஃப்.”

அவர் என்னைப் பார்த்தார். மதுராவைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். எனக்கு முகம் சூடாகியது. ஆனால் அவர் எழும்பிப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, உட்காரு மல்லி, பிள்ளையோடு நிற்காதே என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

சிக்கல் பத்திரங்களில் இருந்தது. தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழில் பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையிலும் விவாகச் சான்றிதழிலும் வேறு மாதிரி. இங்கிலீசில் எழுதும்போது ஒன்றில் முதல் எழுத்தே வேறு. தமிழில் ஒரே பேரைத்தானே எழுதியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று ஒரு சத்தியக்கடதாசி வேண்டும் என்றார். அவளே வந்து கையெழுத்து வைக்கவேண்டும், அல்லது தாய் தகப்பன் முடித்துக் கொடுத்தது ஏதாவது இருக்கவேண்டும். அவளுக்கோ லீவு இல்லை. தாய் கனடாவில். தகப்பன் இல்லை என்று சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். அப்படியானால் பயிற்சி முடிந்த பிறகுதான் பார்க்கலாம் என்றார். பாவம், அவரும் சட்டத்தை மாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியிடம் மறைக்க நினைத்தேன். என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அப்பாட சூட்கேஸைப் பாத்தனீங்களோ? அவர் ஒரு கடதாசியும் எறிஞ்சிருக்க மாட்டார்.”

மாமி கனடா போகும்போது எங்களிடம் விட்டுப்போன அந்தப் பழுப்புச் சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை. அன்றைக்குப் பின்னேரம் மதுராவைப் பாயில் விட்டுவிட்டுத் திறந்தேன்.

மேலேயே அந்தப் பொலிஸ் பதிவுத் துண்டுகள் இருந்தன. யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருசா வருசம் பொலிசில் போய்ப் பதிந்த துண்டுகள். துருப்பிடித்த ஊசியில் குத்தி, ஒன்றுகூடத் தவறாமல் அடுக்கி வைத்திருந்தீர்கள். எல்லாவற்றிலும் உங்கள் பேர், மாமி பேர், மச்சான் பேர். தர்ஷினி, மகள், வயது ஏழு. அடுத்ததில் எட்டு. அடுத்ததில் ஒன்பது. என் பெண்சாதி சின்னப் பிள்ளையாக இருந்து வளர்ந்ததை நான் அந்தத் துண்டுகளில்தான் பார்த்தேன், மாமா. எத்தனை முறை அந்த வரிசையில் நின்றீர்கள்? என்ன நினைத்துக்கொண்டு நின்றீர்கள்? நாங்கள் எத்தனையோ நாள் ஒன்றாக இருந்து கிரிக்கெட் பார்த்தோம். இதை ஒருநாளும் நீங்கள் சொன்னதில்லை.

அதற்குக் கீழே அவளுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகள். அதற்கும் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சத்தியக்கடதாசி. தர்ஷினி ஓ.எல். சோதனை எடுக்கும் வருசம் சமாதான நீதவான் முன்னால் நீங்கள் முடித்தது. இந்த இரண்டு பேரும் என் மகள் ஒருத்தியையே குறிக்கும் என்று உங்கள் கையெழுத்து. உறுதிப்படுத்திய இரண்டு பிரதிகளும் கூடவே இருந்தன. என்றைக்காவது ஒரு கந்தோரில் ஒருவன் இதைக் கேட்பான் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சிரித்தேன், கண்ணில் தண்ணியும் வந்தது. அந்த நேரம் பார்த்து மதுரா பதிவுத் துண்டு ஒன்றின் மூலையைச் சப்பிவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்டு நேராக்கி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அதே கவுன்டர், அதே சார்ஜன்ட். கடதாசியை வரி வரியாக வாசித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “தாத்தா கவனமான மனுசன்,” என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவர் தர்ஷினியின் அப்பாவைச் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது மதுராவின் தாத்தா. இரண்டும் நீங்கள்தானே. ஓம் சேர், சரியான கவனம் என்றேன்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அனுமதிக் கடிதம் வந்தது. சரோ அன்ரி அதை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சாவியைத் தந்தார். அண்ணன் வீட்டார் முழுப்பேரும் வந்து சாமான் ஏற்றினார்கள். பால் காய்ச்சியது அண்ணிதான்.

போன கிழமை பயிற்சி நிறைவு அணிவகுப்பு. விடிய முதலே வான் பிடித்து மலை ஏறினோம். மைதானத்தில் எல்லாரும் ஒரே உடுப்பு, ஒரே நடை, எனக்கு யார் தர்ஷினி என்றே தெரியவில்லை. மதுரா கண்டுபிடித்துவிட்டாள். “ம்மா” என்று அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அணியில் நின்ற ஒருத்தியின் உதடு மட்டும் லேசாக அசைந்தது. அவள்தான்.

வீடியோ கோலில் மாமி இருந்தார். அங்கே சாமம், ஆனால் சேலை கட்டிப் பொட்டு வைத்திருந்தார். தர்ஷினி ஓடிவந்து மதுராவைத் தூக்கிக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் நின்றாள். மாமி நெடுநேரம் பார்த்தார்.

“தொப்பியைக் கொஞ்சம் நேராக்கு, பிள்ளை,” என்றார். “அப்பா பாத்தா ஏசுவார்.”

தர்ஷினி தொப்பியை நேராக்கினாள். தொப்பி ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

இப்போது அவள் கொழும்பிலேயே படை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. போக ஒரு பஸ், வர ஒரு பஸ். நீங்கள் கோபிப்பீர்களா, சந்தோசப்படுவீர்களா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. இரண்டும் கலந்து வரும் என்றுதான் நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது சந்தோசம் கூட.

நேற்று மாமி தானாகக் கேட்டார், முன் அறைக்குக் கடல் காற்று வருமா என்று. வரும் என்றேன். சித்திரை பிறந்ததும் வருகிறாராம், டிக்கெட் போட்டாயிற்று. அந்த அறைக்கு நான் இந்தக் கிழமையே ஒரு ஏசி பூட்டுகிறேன். அவர் ஒரு மாதம் இருக்கட்டும், ஒரு வருசம் இருக்கட்டும், திரும்பிப் போக மனமில்லை என்றால் இங்கேயே இருக்கட்டும். ஒருவரும் அவரைக் கேள்வி கேட்காமல் நான் பார்த்துக்கொள்வேன், மாமா. அந்த அறை அவருடையது.

அன்போடு,
உங்கள் மருமகன்,
தர்ஷினியின் ரவி