வீட்டுக்கு ஒரு அட்டை

மார்ச் 4, செவ்வாய்

அந்த நாவலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த டைரியை யாரும் படிப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேற்று வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. மருமகள் தூசி தட்டினாளாம். தட்டட்டும்.

கதை இதுதான். அறுபத்தோரு வயது விதவை, தையல் வேலை. எதிர்வீட்டில் மனைவியை இழந்த பல் வைத்தியர். இருவருக்கும் பிடித்துப்போகிறது. பிள்ளைகள் முறைக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவள் அவர் வீட்டு கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள். உள்ளே போனாளா, திரும்பினாளா? எழுதியவர் சொல்லவில்லை. அவருக்கென்ன, பேனாவை மூடிவிட்டுப் போய்விட்டார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டியவள் நானல்லவா?

கேட்டவர் டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகத் தினமும் என் நூலகத்துக்கு வந்து ஜன்னலோர மேசையில் பேப்பர் படிப்பவர். போன வாரம் நான் பூட்டிக்கொண்டிருந்தபோது குடையோடு வந்து நின்றார். "ஏப்ரல்ல ரிட்டயர் ஆனதும் என்ன பண்ணப் போறீங்க? என்னோட வந்துடறீங்களா? கல்யாணம் பண்ணிக்கிட்டுதான்." வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, குடையையும் விரிக்கவில்லை. எதற்குக் கொண்டுவந்தார் என்று இன்னும் புரியவில்லை. ஒரு மாதம் டைம் கேட்டேன்.

மார்ச் 5, புதன்

நாவலைப் புதுவரவு அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். காரணம் உண்டு. இங்கே ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு கருத்துத் தாள் ஒட்டியிருக்கும். படித்தவர்கள் பெயர் போடாமல் எழுதலாம். பெயர் போடக்கூடாது என்று விதி வைத்ததே நான்தான். ஆனால் யார் எப்போது எடுத்தார் என்று பதிவேட்டில் தேதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதியவர் முகமே தெரிந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பதில் சொன்னால் தப்பா?

மார்ச் 8, சனி

முதல் கருத்து. "வயசானவங்களுக்கும் மனசு இருக்கு. நல்லா எழுதியிருக்காங்க. ஆனா மழைல மாடி ஏறிப் போறதெல்லாம் ஓவர். முட்டி என்னாகும்?"

மருந்துக்கடைக்காரம்மா. பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம். அந்தக் கையால்தான் ஊருக்கே மூட்டுவலித் தைலம் விற்கிறாள். "அந்தம்மா பண்ணது சரின்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ஏன் மேடம், நீங்க படிக்கலையா?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

ஏன் அப்படிப் பார்த்தாள்?

மார்ச் 12, புதன்

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர்: "இளைய தலைமுறையைக் கெடுக்கும் நூல்." இளைய தலைமுறை ஒருவரும் இதைச் சீண்டவில்லை. அவர்தான் நான்கு நாள் வைத்திருந்தார். "அந்தம்மா உள்ளே போயிருப்பாங்களா சார்?" என்று கேட்டதற்கு முறைத்தார். பல் வைத்தியர் முதன்முதலாக அவள் கையைப் பிடிக்கும் பக்கத்தின் முனை மடித்திருக்கிறது.

நூலகம் பெருக்கும் அம்மாவுக்குப் படிக்க வராது. கதையை நானே சொன்னேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுதும் கேட்டுவிட்டு, "அந்த ஆளு சமைப்பாரா? சமைப்பார்னா போகலாம்" என்றாள். டிரைவர் பேப்பரைத் திருப்பிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

மார்ச் 14, வெள்ளி

மருமகளிடம் நாவலைக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு அட்டைதான் என்பது நூலக விதி. எங்கள் வீட்டு அட்டையில் பதிந்தேன். "என்ன கதை அத்தை?" "படிச்சுத்தான் பாரேன்."

மகன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சாதாரணமாக நிமிர்த்துவான்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் மருமகள் புத்தகத்தைத் திருப்பும் புத்தகங்களோடு ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் அடுக்கும்போது பிரித்தேன்.

"இந்தம்மாவுக்கு அவர் மேல ஆசையே இல்லை. ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. இப்படிப்பட்டவங்க பேசாம வீட்லயே இருந்துடலாம்."

வீட்லயே இருந்துடலாமா! சமைச்சுப் போட்டுக்கிட்டு, துணி மடிச்சுக்கிட்டு — அதானே சொல்ல வர்றா? இவ மாமனார் போனதுலேருந்து பதினோரு வருஷம் இவங்களுக்குன்னு ஓடியாச்சு. இப்ப இவ எனக்கு இடம் காட்டறா. எழுத்து அவளுடையது மாதிரி இல்லைதான். மாற்றி எழுதத் தெரியாதா என்ன? டீச்சர்.

அப்படியானால் டிரைவர் விஷயம் அவளுக்குத் தெரியும். யார் சொன்னது?

மார்ச் 19, புதன்

காபியில் இன்று அரை ஸ்பூன் சர்க்கரை கூடுதல். எதற்காம்?

மார்ச் 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மனசுல இருக்கறதை மூஞ்சிக்கு நேரா சொல்லணும். தாள்ல எழுதிட்டு ஒளிஞ்சுக்கறது என்ன பழக்கம்?" என்றேன். அவள் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை மூடி வைத்தாள்.

"என்ன தாள் அத்தை? அந்தப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்ல. நாலு நாளும் பையில கிடந்துச்சு. படிக்கலன்னு சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் சும்மா வச்சுட்டு வந்துட்டேன். ஏன், அதுல உங்களைப் பத்தியா எழுதியிருக்கு?"

"என்னைப் பத்தி எதுக்கு எழுதப் போறாங்க? நான் என்ன டிரைவரைக் கட்டிக்கிட்டா போகப் போறேன்?"

மகன் நிமிர்ந்தான். "எந்த டிரைவர்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பால்கனிக்குப் போய் நின்றான். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவரைப் பிடிச்சிருக்கா அத்தை?"

இந்த மூன்று வாரத்தில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளிடம் கத்தியதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு அன்பாக ஏன் கேட்டாள்? என் அறை காலியாகும் என்றா?

சீ. என்ன புத்தி எனக்கு.

மார்ச் 24, திங்கள்

டிரைவர் இன்று பேப்பர் படிக்க உட்காரவில்லை. நேராக என் மேசைக்கு வந்து உறுப்பினர் படிவம் கேட்டார். பத்து வருடத்தில் அட்டையே வாங்காதவர். "இனிமே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக்கறேன். தினமும் இங்க உட்கார வேண்டாம்னு பார்க்கறேன்."

நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார். அவர் கையெழுத்தை நான் பார்த்தது இன்றுதான். சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு நீட்டல். அந்தத் தாளில் இருந்த அதே எழுத்து. மருமகள் புத்தகத்தை வைத்தது அவர் மேசையில். என் பதிவேட்டில் இல்லாத ஒரே வாசகர் அன்று பகல் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பெரிய துப்பறியும் வித்தை!

"நீங்களா எழுதினது?"

"நான்தான். ரெண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கேன், காது நல்லாத்தான் கேட்குது. மருந்துக்கடைக்காரம்மாகிட்ட கேட்டீங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டீங்க, பெருக்கற அம்மாகிட்ட முழுக் கதையும் சொல்லிக் கேட்டீங்க. என்கிட்ட மட்டும் நாலு வார்த்தை பேசல."

அட்டை போட்டுக் கொடுத்தேன். எண் 2214. புத்தகம் எதுவும் எடுக்காமல் போய்விட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

வரவில்லை. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மார்ச் 26, புதன்

வரவில்லை. காய்ச்சலோ? இல்லை, ரயில்நிலையத்துக்கு எதிரே இருக்கும் நூலகத்துக்குப் போகிறாரோ? அங்கே இருப்பவள் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

மார்ச் 28, வெள்ளி

முதல் முறையாக ஒரு கருத்துத் தாளில் எழுதினேன். "அவள் உள்ளே போனாள். அவளுக்கு அவரைப் பிடித்திருக்கிறது, வெகுநாளாகவே. சொல்லத் தைரியம் இல்லாமல்தான் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்." கீழே என் முழுப்பெயர், தேதி. நூலக முத்திரையும் குத்தினேன்.

நாவலை அவருடைய 2214-இல் பதிந்து மதிய இடைவேளையில் நானே எடுத்துப் போனேன். விலாசம்தான் படிவத்தில் இருக்கிறதே. அவர் வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு. இடது பக்கமாக இழுத்து இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. "வலது பக்க முடிச்சை இழுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்?

ஏப்ரல் 12, சனி

மருமகள் கடைசியில் நாவலைப் படித்துவிட்டாள். "போர் அத்தை. ஒரு கேட்டைத் திறக்க முந்நூறு பக்கமா?"

மகன் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தான். "அப்பா போட்டோவை எடுத்துட்டுப் போவியாம்மா?" "எடுத்துட்டுத்தான் போவேன்." "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" "ஆணி அடிச்சு வச்சுட்டாராம்." கொஞ்ச நேரம் பெட்டியையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு "சரிம்மா" என்றான்.

மே 6, செவ்வாய்

ஓய்வுபெற்ற பிறகு முதல் தடவையாக நூலகத்துக்குப் போனேன், அட்டை வாங்க. என் இடத்தில் புதுப் பெண். பேனாவைக் காதில் செருகியிருக்கிறாள். விலாசம் கேட்டாள், சொன்னேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த விலாசத்துல ஏற்கெனவே 2214 இருக்கு மேடம். வீட்டுக்கு ஒரு அட்டைதானே குடுக்க முடியும்?"

"தெரியும்மா. அதுலயே என் பேரையும் சேர்த்து எழுதிடு."

எழுதினாள். எழுதும்போது உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? கேட்கலாமா என்று இருந்தது. கேட்கவில்லை.

வாசலில் அவர் குடையோடு நின்றிருந்தார். நல்ல வெயில். விரிக்கச் சொன்னேன்.