மீன் மருந்தும் பெரிய காக்காவின் நீலத் தாடியும்

மச்சான்,

இன்று காலை என் மருந்துக் கடையை, அதுதான் பாமசியை, திறந்து மேசையைத் துடைக்கப் பழைய துணியொன்றை எடுத்தேன். அதில் உன் நீலக் கறை அப்படியே இருக்கிறது. உன்னுடைய மீன் கடைக்கு வந்த நீல மருந்துப் போத்தலை என்னிடம் காட்டவென்று கொண்டுவந்து, மூடியைச் சரியாகப் பூட்டாமல் என் மேசையில் கவிழ்த்தாயே, அன்று துடைத்த துணி. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ அந்தப் பெரிய கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டில் நீலம் படவில்லை என்று சந்தோஷப்பட்டாய். "ஏசாத மச்சான். இது என்ன மாதிரி, ஒரு இடத்துக்கு வந்தா லேசில போகாது" என்றாய். லேசாகத்தான் போனாய். கடையைப் பூட்டிவிட்டுப் பின்னேரம் அஸர் தொழப் போனவன் உயிரோடு வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அந்த நீல மருந்தைப் பற்றி உனக்கு ஒரு செய்தி சொல்ல இருக்கிறது. எரிச்சலோடுதான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். அதை இப்போது மனிதர்கள் குடிக்கிறார்கள்.

ஓம், நீ கோல்ட் ஃபிஷ் செட்டையில் வெள்ளைப் பங்கசுப் பூஞ்சை பிடித்தால் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விடுவாயே, அதே மெதிலீன் நீலம்தான். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் கலந்து குடிக்கிறார்கள். ஞாபகசக்தி கூடுமாம், களைப்புப் போகுமாம், வயது திரும்புமாம். கல்முனையில் இப்போது இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடித்தால் அதில் ஒருவருக்கு நாக்கு நீலமாக இருக்கிறது. ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் தட்டுத்தடுமாறிச் சாதாரண சித்தி எடுத்தவனெல்லாம் வட்ஸ்அப்பில் இழைமணியைப் பற்றி வகுப்பெடுக்கிறான். "செல்லுக்குள்ள இருக்கிற பவர் ஹவுஸ்" என்று தொடங்கி, மூச்சு விடாமல் பேசி, கடைசியில் போத்தலுக்கு ஓடர் எடுத்து முடிக்கிறான். மூத்திரம் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், நஞ்சு வெளியேறுகிறது என்று ஆறுதல் வேறு. சாயத்தைக் குடித்தவனுக்குச் சாயம்தானே போகும்? இதை ஒருவரும் கேட்கவில்லை.

நான் மருந்துக்குப் பகையாளி இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்த நீலத்தின் பெருமையை இந்த ஊரில் கண்ணால் கண்டவன் நான். வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்த காலத்தில் நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு மனிதரைக் கொண்டுவந்தார்கள். வயலுக்கு அடிக்கும் களைநாசினியைக் குடித்திருந்தார். உதடும் நகமும் சாம்பல் நிறம். இரத்தம் ஓடுகிறது, ஆனால் பிராணவாயுவைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. வைத்தியர் இரத்த நாளம் வழியாக இந்த நீலத்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த உதடு சிவந்து வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை உன் கடைக்கு வந்து அதைச் சொன்னபோது, நீ தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "அப்ப நானும் அரை டொக்டர்தான்" என்றாய்.

அது மருந்து. அளவு உண்டு, தேவை உண்டு, பக்கத்தில் நின்று பார்க்க ஒரு வைத்தியர் உண்டு. ஞாபகசக்திக்கு நல்லது என்ற கதையிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. சின்னச் சின்ன ஆய்வுகளில் ஏதோ நம்பிக்கை தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சுகதேகியான மனிதர் தினமும் குடிக்கலாம் என்று எவரும் நிரூபித்துக் கையில் தரவில்லை. மறுபக்கத்தில் இருக்கிற ஆபத்துகளோ நன்றாகத் தெரிந்தவை. பரம்பரையாகச் சிலருடைய இரத்தத்தில் ஒரு குறை இருக்கும். அவர்கள் குடித்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டவே போகக்கூடாது. மனச்சோர்வுக்குக் குளிசை எடுப்பவர் இதைச் சேர்த்துக் குடித்தால் உடம்பு நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மீனுக்கென்று செய்த போத்தலில் வேறென்ன அழுக்குக் கலந்திருக்கிறதோ, அது செய்தவனுக்கே தெரியாது. இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் அந்த ஒரு துளி நம்பிக்கையை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் தாழும் என்று அறிய விஞ்ஞானம் வேண்டாம். கொஞ்சம் மூளை போதும். அதைத்தான் வளர்க்கப்போகிறோம் என்று குடிக்கிறார்கள்.

உன்னையும் நான் உயர்த்திப் பேச வரவில்லை. உலகத்தில் வந்த அத்தனை குப்பையையும் விழுங்கியவன் நீ. நோனிச் சாறு, முருங்கைத் தூள், இரத்தத்தை இழுத்துச் சுத்தமாக்கும் காந்த வளையல். அந்த வளையலைப் போட்டுக்கொண்டு என்னிடம் பிறஷர் பார்க்க வந்தவன். ஆனால் மீன் விஷயத்தில் மட்டும் உன்னை ஏமாற்ற ஒருத்தனாலும் முடியாது.

நீல மருந்து கேட்டு வருபவரிடம் எடுத்த உடனே போத்தலைக் கொடுக்கமாட்டாய். "தண்ணிக்குள்ள வேற என்ன போட்டிரிக்கீங்க?" என்று கேட்பாய். வந்தவர் நிமிர்ந்து நின்று, "ஒண்டும் போடல்ல" என்பார். நீ மறுபேச்சுப் பேசாமல், புது மீன் வந்திருக்கிறது, பாருங்கள் என்று அவரைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போவாய். அங்கே தொட்டிகளுக்கு நடுவில், மீனைப் பார்த்தபடி மெல்ல இன்னொரு தரம் கேட்பாய். அப்போது வரும். "சும்மா கொஞ்சம் உப்புப் போட்டன்." "மச்சான் சொன்னாரெண்டு மஞ்சளும் வேறொரு பவுடரும் போட்டன்." அதற்குப் பிறகுதான் மருந்தா, முதலில் தண்ணீரை மாற்றுவதா என்று சொல்வாய். எதற்கு இந்த நாடகம் என்று நான் ஒருநாள் கேட்டேன். "முதல் சொல்ற பதில் சபைக்கு மச்சான். ரெண்டாவது சொல்றதுதான் தொட்டிக்கு" என்றாய். எங்கள் ஊரை இவ்வளவு சரியாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உன் மகன் ஹஸீப் கடையை எடுத்தான். கேள்வியை எடுக்கவில்லை. கடையின் முன்பக்கத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று வைத்து, உன் மீன் மருந்தையே சின்னப் போத்தல்களில் ஊற்றி, மூளையின் படம் போட்ட லேபல் ஒட்டி அடுக்கியிருந்தான். பின்னால் தொட்டியில் மீனுக்கு, முன்னால் அலுமாரியில் மனிதனுக்கு, இரண்டும் ஒரே கலன். நான் போய்ச் சத்தம் போட்டேன். "மாமா, நீங்க பழைய காலத்து ஆள். வெளிநாட்டுல பெரிய பெரிய ஆக்களே குடிக்கிறாங்க" என்றான். வெளிநாட்டில் ஒருவன் கிணற்றில் குதித்தான் என்று கேள்விப்பட்டால் இங்கே கிணற்றுக் கட்டை உயர்த்துவதற்குப் பதில் வரிசையில் நிற்கிற ஆட்கள் நாங்கள்.

வரிசையில் முதல் ஆள் உன் மூத்த சகோதரர், பெரிய காக்கா.

உனக்கு நினைவிருக்கும், உன்னைத் 'தொட்டி கழுவுறவன்' என்று சபையில் சொன்ன மனிதர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஒலிவாங்கியைக் கண்டால் பல்லி பூச்சியைக் கண்ட மாதிரி. நீ கடை திறந்த நாளில் பள்ளி இமாம் வந்தார், மீன்பிடிக்கிற ஆட்கள் வந்து கண்ணாடிக்குள் மீன் நீந்துவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். உன் கூடப்பிறந்த காக்கா வரவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாள்கூட அந்தப் படி ஏறவில்லை. நீ மவுத்தான பிறகு, ஞாபகசக்திக்கு மருந்தென்று கேள்விப்பட்டு, ஏறினார்.

போன மாதம், நோன்பில் ஒருநாள், உன் வீட்டில் நோன்பு துறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய காக்கா நடுவில் இருந்தார். அவருடைய வெள்ளைத் தாடியில், கீழுதட்டுக்கு நேர் கீழே, ஒரு நீலப் பொட்டு. விடியுமுன் ஸஹர் நேரத்தில் குடிக்கும்போது சிந்தியிருக்கிறது. கழுவிக் கழுவிப் பார்த்துப் போகாமல், ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பாயிலிருந்த அத்தனை பேரும் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரிக் கஞ்சியைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் கோப்பையைத் தூக்கினார். கஞ்சி பாயில் சிந்தியது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். நடுக்கம். நெற்றி முழுக்க வியர்வை, மின்விசிறி நேரே தலைக்கு மேல். சம்மணம் போட்டிருந்த கால் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புப் போய்விட்டது.

"காக்கா, பிறஷர் குளிசையோட வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?"

"வேற என்ன? உன்ட கடையிலதானே எடுக்கிற. நோன்புக் களைப்பு. நீ கஞ்சியக் குடி."

ஹஸீப் உடனே குறுக்கே வந்தான். "நான் கேட்டுத்தான் மாமா குடுத்த. பெரியவாப்பாக்கு பிறஷர் மட்டும்தான் இரிக்கி. இண்டைக்கு ஸஹருக்குச் சொட்டக் கொஞ்சம் கூட்டினவர். உடம்புல இருக்கிற நஞ்சு கழண்டு வருகிது. அதுதான் நடுக்கம்."

உன் பிள்ளை என்பதால் நான் அவனுக்குக் கை நீட்டவில்லை.

எழுந்து, "காக்கா, தம்பியின்ட பழைய தொட்டியில ஒரு மீன் ஒரு மாதிரிக் கிடக்கு, வந்து பாருங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்தில் நீ வீட்டில் வைத்திருந்த அந்தப் பெரிய தொட்டி. மீன்கள் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், உன்னை மாதிரியே, மெல்லக் கேட்டேன்.

"வேற என்ன காக்கா?"

அவர் திரும்பி, முன்பக்கக் கதவை ஒருதரம் பார்த்தார். பிறகு நடுங்குகிற கையால் மேற்சட்டையின் உள்பையிலிருந்து ஒரு குளிசை மட்டையை எடுத்து என் கையில் வைத்தார். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை.

"ஆருக்கும் சொல்லிப்போடாத. அம்பாறைக்குப் போய் எடுக்கிற. இஞ்ச எடுத்தா, பிரின்சிபலுக்கு விசர், பைத்தியம் எண்டு ஊர் கதைக்கும்."

"எப்பயிருந்து?"

"தம்பி மவுத்தானதுல இருந்து. நித்திரையே இல்ல. பேர்களும் மறக்குது. அதுக்குத்தான் இந்தச் சொட்டையும் குடிச்சன்."

வாழ்நாளெல்லாம் உன்னை மதிக்காத மனிதர் உன்னை நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார். அதை ஊருக்குத் தெரியாமல் மறைப்பதற்காக ஆஸ்பத்திரிக்கு மூன்று ஊர் தாண்டிப் போயிருக்கிறார். கோபம் வந்தது, மச்சான். உன் உயிர் இருந்தபோது ஒருநாள் கடைக்குள் வந்து ஒரு தேநீர் குடித்திருக்கலாமே என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான்காரனைக் கூப்பிட்டேன்.

வைத்தியர் கேட்டபோது நடந்ததைக் கேள். ஹஸீப் பக்கத்தில் நின்றான். பெரிய காக்கா பல் கிட்டியபடி, "பிறஷர் குளிசை மட்டும்தான் டொக்டர்" என்றார்! காய்ச்சல் ஏறி, கால் கட்டிலை உதைக்கிறது. ஆனாலும் மானம் போகக்கூடாது. நான் மட்டையையும், ஹஸீபிடமிருந்து பறித்துவந்த நீலப் போத்தலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வைத்தியர் இரண்டையும் பார்த்துவிட்டு உடனே தாதியைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கையை மீறியிருக்கும் என்று மறுநாள் சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான்.

ஹஸீப் வெளியே வாங்குப் பலகையில் இருந்து அழுதான். "சொல்லாட்டி எனக்கெப்படி மாமா தெரியும்?" என்றான். நியாயமான கேள்விதான். "சொல்லமாட்டாங்க எண்டு உன்ட வாப்பாக்குத் தெரியும், மீனுக்கே ரெண்டு தரம் கேட்டவர்" என்றேன். அடுத்த நாள் அலுமாரி காலியாக இருந்தது. அதற்காக ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே. அட்டாளைச்சேனைப் பக்கம் வேறொருவன் தொடங்கியிருக்கிறான், அவனுடைய லேபலில் மூளையோடு இருதயமும் இருக்கிறது. போத்தலைத் தேடி இங்கிருந்து வான் பிடித்துப் போகிறார்கள்.

பெரிய காக்கா தேறிவிட்டார். குளிசையை இப்போது ஒழுங்காக எடுக்கிறார், இன்னும் அம்பாறையில்தான். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்று. அஸருக்குப் பிறகு அவர் உன் கடைக்கு வருகிறார். உன் முக்காலியில் இருக்கிறார். நேற்று நான் போனபோது ஒரு பெண் மீனுக்கு நீல மருந்து கேட்டு நின்றாள். ஹஸீப் வாய் திறக்குமுன், வகுப்பறையே அதிரும் அதிபர் குரலில், "தண்ணிக்குள்ள வேற என்ன போட்டிரிக்கீங்க?" என்று கேட்டார். தானே கண்டுபிடித்த கேள்வி மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது உன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் "ஒண்டும் போடல்ல" என்றாள். அவர் மெல்ல எழும்பி, தாடியில் இன்னும் மங்காத அந்தப் பொட்டோடு, "வாங்க மகள், பின்னால புது மீன் வந்திரிக்கி" என்று அவளை உள்ளே கூட்டிப்போனார்.

நான் பாமசிக்குத் திரும்பி வந்தேன். பிறஷர் குளிசைக்கு ஒருவர் நின்றார். கேட்டதற்கு, வேறு மருந்தொன்றும் எடுப்பதில்லை என்றார். அவரை மேசையின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, இரண்டாவது தரமும் கேட்டேன்.